வியாழக்கிழமைக் கூடை

காபிஸ், 23 அக்டோபர் 1994

தலந்தாவுக்கு,

இதைப் பேரீச்சை லாரி ஓட்டும் ஷெத்லியிடம் கொடுத்தனுப்புகிறேன். மார்செய் துறைமுகத்தில் இறங்கியதும் தபால்தலை ஒட்டிப் போடுவான். இனி என் முகவரிக்குத் தபாலில் எதுவும் அனுப்பாதே, உன் பதிலும் அவன் வழியாகவே வரட்டும். போன மாதம் வந்த உன் உறையை யாரோ பிரித்து, மறுபடி பசை தடவிக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். பிரித்தது எனக்குத் தெரியட்டும் என்றுதான் அந்தக் கோணல்.

பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை மாலைச் செய்தியில், வெளிநாட்டு வானொலி உன் அண்ணனின் பெயரைச் சொன்னது. முழுப் பெயர், தகப்பனார் பெயர், எட்டு ஆண்டுத் தண்டனை, விசாரணையில் அவரை என்னென்ன செய்தார்கள் என்பது உட்பட. கீழ்வீட்டுக்காரி தன் வானொலியைச் சட்டென்று அணைத்தாள். எனக்காக அணைத்தாளா, தனக்காகவா தெரியவில்லை. அந்த விவரங்களை ஜெனீவாவில் யார் கொடுத்திருப்பார்கள் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை வழக்கம்போல் கூடையோடு போனேன். சிப்பாய் பதிவேட்டில் விரலை ஓட்டிவிட்டு, "நூமான்னு யாரும் இங்க இல்ல" என்றான். மூன்று வருடமாக வாராவாரம் அதே பதிவேட்டில் இருந்த பெயர். எங்கே மாற்றினார்கள் என்று கேட்டேன். அடுத்தவளைக் கூப்பிட்டான்.

இது நீ ஊரைவிட்டுப் போன பிறகு வந்த வழக்கம், அதனால் சொல்கிறேன். ஆள் எங்கே என்று எவனும் எழுத்தில் தர மாட்டான். சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு சிறை வாசலாகப் போக வேண்டும். எந்த வாசலில் கூடையை உள்ளே வாங்குகிறார்களோ, அங்கே ஆள் இருக்கிறார். இந்தப் பத்து நாளில் மூன்று வாசல் போய்விட்டேன். மூன்றிலும் வாங்கவில்லை.

தயவுசெய்து அவர் பெயரை இனி யாரிடமும் சொல்லாதே. நீ சொல்வது அங்கே செய்தி. இங்கே அதற்கு வேறு அர்த்தம்.

நஸீஹா


ஜெனீவா, 2 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணி,

பெயரைக் கொடுத்தது நான்தான். உங்களைக் கேட்காமல் கொடுத்தது தப்பு. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை. இதற்கு மேல் என்னை நியாயப்படுத்திக்கொள்ளப் போவதில்லை என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் முடியவில்லை.

அண்ணா எதற்காக உள்ளே போனார்? இன்னொருவர் காவலில் செத்ததை எல்லோரும் பேசாமல் விட்டார்கள் என்று ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டதற்காக. அவர் விஷயத்தில் நாம் பேசாமல் இருப்பதா? இங்கே எங்கள் அலுவலகத்தில் நாற்பது நாடுகளின் கோப்புகள் இருக்கின்றன, அண்ணி. பெயர் தெரிந்த கைதியைக் கொல்ல யோசிப்பார்கள். பெயர் தெரியாதவனுக்கு அந்த யோசனைகூடக் கிடையாது.

இந்த மாதம் கைதிகள் விஷயத்தை விசாரிக்கும் சர்வதேசக் குழு இங்கே கூடுகிறது. நம் அரசாங்கம் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாக்காரர்களோடு வணிக ஒப்பந்தம் அடுத்த கோடையில் கையெழுத்தாக வேண்டும் என்பதால் நல்ல பிள்ளையாகத் தெரிய விரும்புகிறார்கள். இப்போது அழுத்தினால்தான் உண்டு. காணாமல் போனவர்கள் பட்டியலில் அண்ணா பெயரைச் சேர்த்து, எங்கே என்று கேட்டு இன்று காலை அமைச்சகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்று எழுதிய கடிதம் கையில் கிடைத்தபின் போயிருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்தெந்த வாசல், எந்தெந்தத் தேதி, அவன் சொன்ன வார்த்தை என்ன என்று எழுதி அனுப்புங்கள். திட்டியும் எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

தலந்தா


காபிஸ், 20 நவம்பர் 1994

தலந்தா,

கூடையை வாங்கிவிட்டார்கள்.

ஐந்தாவது வாசல். தெற்கே, உப்பு ஏரியைத் தாண்டி. விடியுமுன் வாடகை வண்டியில் ஆறு பேரோடு ஏழாவதாக உட்கார்ந்தால் பத்து மணிக்குப் போய்ச் சேரலாம். பதினேழாம் தேதி வியாழன். முந்தின வாரம் இதே வாசலில், இதே சிப்பாய், இல்லை என்றவன்தான். இந்தத் தடவை பெயரைச் சொன்னதும் பதிவேட்டைக்கூடப் பார்க்கவில்லை. கூடைக்குக் கையை நீட்டினான்.

வரிசையில் மப்ரூக்கா அக்காவைப் பார்த்தேன். இரண்டு மகன்கள், இரண்டு சிறை, வாரத்தில் இரண்டு நாள் அவளுக்குப் பயணம். என் கூஸ்கூஸ் சோற்றைச் சிப்பாய் முள்கரண்டியால் அடிவரை கிளறினான். அவள் பின்னாலிருந்து, "நல்லா தேடுப்பா, உள்ள ஒரு ஏணி வச்சிருக்கா" என்றாள். அவனே சிரித்துவிட்டான். அதே கரண்டியால் முட்டையைப் பிளந்தான், மிளகாயைப் பிளந்தான். எலும்பு கூடாது, விதை கூடாது. சட்டைக் கழுத்தின் உள்பக்கம் கைதியின் பெயரை நூலால் தைத்திருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொண்டான். மூன்று மணி நேரம் கழித்துக் காலிக் கூடை வந்தது.

பார்க்க விடவில்லை. தனிக்கொட்டடித் தண்டனையில் இருப்பதால் பார்வை கிடையாதாம், கடிதமும் கிடையாதாம். எத்தனை மாதம் என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை. இருக்கிறார்.

பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடு. கேள்வி கேட்டதால் கூடையை வாங்கினார்கள் என்று நீ சொல்வாய். இருக்கலாம். அதற்காக நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனால் கிடைத்துவிட்ட ஆளைக் காணோம் என்று நீ அங்கே சொல்லிக்கொண்டிருந்தால், மறுபடி வேறெங்காவது தூக்கிப் போடுவார்கள்.

நஸீஹா


ஜெனீவா, 11 டிசம்பர் 1994

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துப் படித்தேன். ஏணி வரும் இடத்தில் சிரித்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

பெயரை எடுத்துவிட்டேன். நான் எடுக்கக் காத்திருந்ததுபோல மறுநாளே அரசாங்கப் பிரதிநிதி ஒரு தாளை வாசித்தார்: மேற்படி நபர் இன்ன சிறையில் நலமாக இருக்கிறார், குடும்பத்தார் வாராவாரம் தரும் உணவுக் கூடை தவறாமல் அவரிடம் சேர்க்கப்படுகிறது. கூடை என்ற சொல்லை அந்த மண்டபத்தில் யாரும் இதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தடுமாறினார். குழுத் தலைவர் குறித்துக்கொண்டார். இருபத்துமூன்று பெயர்கள் கேட்டிருந்தோம், இந்த ஒன்றுக்குத்தான் முழுமையான பதில் வந்தது.

கூட்டம் முடிந்ததும் அந்த மனிதர் தாழ்வாரத்தில் என்னிடம் வந்தார். "உங்க அண்ணி வாரந்தவறாம சாப்பாடு கொண்டு வர்றாங்க, தங்கச்சிக்குத் தெரியாதா? வீட்டுல பேச்சுவார்த்தை இல்லையா?" என்றார். நல்ல பல்வரிசை.

அண்ணி, அன்றைக்கிருந்து ஒன்று உறுத்துகிறது. அவர்கள் எதையும் இவ்வளவு சுலபமாகத் தந்ததில்லை. நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. அவர் கையெழுத்தில் ஒரு வரி வரவில்லை. கூடையில் அழுக்குத் துணி திரும்பி வருகிறதில்லையா, அடுத்த தடவை ஒரு சட்டையைத் துவைக்காமல் அப்படியே ஷெத்லியிடம் கொடுத்தனுப்புங்கள். இங்கே ஒரு மருத்துவர் பார்ப்பார். இரத்தம், மருந்து, ஏதாவது.

தலந்தா


காபிஸ், 15 ஜனவரி 1995

தலந்தா,

துணிகளைத் துவைத்துவிட்டேன். வியாழக்கிழமை வந்தால் அன்று மாலையே துவைத்துவிடுவேன், இல்லாவிட்டால் இந்தக் குளிரில் அடுத்த வாரத்துக்குக் காயாது. இருப்பது மூன்று சட்டைதான். அதில் ஒன்றை ஆதாரத்துக்காக உனக்கு அனுப்பினால் அவர் எதைப் போடுவார்? என்னைப் பள்ளி வேலையிலிருந்து நீக்கியபின் தையல் கூலியில்தான் வீடு ஓடுகிறது, தெரியும் உனக்கு. தவிர, அவர் போட்ட சட்டையை அழுக்கோடு அந்நியர் மேசையில் விரித்துக் காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதை நீ பத்தாம்பசலித்தனம் என்பாய்.

போன திங்கள் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். சாதாரண உடை. காலணியை வாசலிலேயே கழற்றினார், அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கூடை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று கேட்டார். போகிறது என்றேன். "அத மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா. பொய்யா எதையும் கேக்கலையே நான்" என்றார். கேட்கவில்லைதான். வாரந்தோறும் என் கணவருக்கான உணவும் உடையும் சிறையில் பெற்றுக்கொள்ளப்படுகின்றன என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மருத்துவர் யாரோ வெளிநாட்டிலிருந்து வரப்போவதாகவும், நல்ல நேரம் வருகிறதென்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ரமலானுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. வாசலில் சர்க்கரைப் பண்டம் வாங்குவார்களா என்று விசாரிக்க வேண்டும்.

நஸீஹா


ஜெனீவா, 20 பிப்ரவரி 1995

அண்ணி,

மருத்துவர் திரும்பி வந்துவிட்டார். நல்ல மனிதர், பழைய ஆள், இருபது வருடமாகச் சிறைகளைப் பார்ப்பவர். அண்ணாவைப் பத்து நிமிடம் பார்த்தாராம், இரண்டு அதிகாரிகள் கூட இருக்கும்போது. மெலிந்திருக்கிறார், முடி மழித்திருக்கிறது, மணிக்கட்டுகளில் ஆறிய தழும்புகள், நுரையீரலில் சளி. பெயர் கேட்டதற்கு நூமான் என்று சொன்னாராம். என்ன வேண்டும் என்றதற்கு, "சாப்பாடு அனுப்புறவங்களுக்கு என் நன்றியச் சொல்லுங்க" என்றாராம்.

அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். அதில் ஒரு வரி. "கைதி வாசற்படியில் தலையைக் குனிந்து உள்ளே வந்தார்."

எவ்வளவு உயர வாசல் என்று மருத்துவரிடம் கேட்டேன். சாதாரண வாசல்தான், கைதிதான் நல்ல உயரம் என்றார்.

உங்கள் கல்யாணப் படத்தில் அண்ணாவைப் படிமேல் நிறுத்தித்தானே எடுத்தோம். மூன்று வருடச் சிறையில் ஆள் குறுகலாம், வளர முடியுமா? நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தலை குனிவது பழக்கமாக இருக்கலாம், அங்கே அடித்தே குனிய வைத்திருக்கலாம், கிழவருக்கு ஞாபகம் பிசகியிருக்கலாம் என்று எட்டு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.

துணி துவைக்கிறவர் நீங்கள். அவர்தான் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் நம்பிவிடுவேன்.

தலந்தா


காபிஸ், 19 மார்ச் 1995

அன்புத் தலந்தா,

அது அவர் இல்லை.

மூன்றாவது கூடையிலேயே தெரிந்துவிட்டது. நான் தைத்த சட்டை. அக்குள் தையல் இரண்டு பக்கமும் விட்டிருந்தது. கழுத்துப் பொத்தான் ஒருமுறைகூடப் போடப்படவில்லை, போட்டால் அந்தக் கழுத்தை நெரித்திருக்கும். கை விளிம்பில் அழுக்கே இல்லை, அது அவன் மணிக்கட்டுவரை எட்டவில்லை. வேறொருவன் என் கணவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு என் சாப்பாட்டைச் சாப்பிடுகிறான். டிசம்பர் முதல் தேதி இதைத் தெரிந்துகொண்டேன். தையலைப் பிரித்து, அகலம் விட்டுத் தைத்து, அடுத்த வாரம் மறுபடி அனுப்பினேன்.

ஏன் சொல்லவில்லை என்பாய். பட்டியலிலிருந்து எடு என்று உன்னை விரட்டியவள் நான். ஜனவரியில் வீடு தேடி வந்தவனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளும் நான். அவன் கேட்டது பொய்யில்லை, நான் எழுதியதும் பொய்யில்லை. உடையும் உணவும் பெற்றுக்கொள்ளப்பட்டன. எங்கள் வாசல் கணக்கு அவர்களுக்கும் தெரியும் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று. கூடையை வாங்கினால் ஆள் இருப்பதாக நாங்கள் நம்புவோம் என்பதைக் கற்றுக்கொண்டுதான் வாங்கியிருக்கிறார்கள். நானே வாராவாரம் ஆறு மணி நேரம் பயணம் செய்து அவர்களுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கூடையோடு போகும் வியாழக்கிழமைகளில் நான் ஒரு கைதியின் மனைவி. போகாவிட்டால் நான் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தயாராக இல்லை.

மப்ரூக்கா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "சாப்பிடுறவனும் ஒரு தாய் பெத்த புள்ளதான். அவனுக்கு எந்த வாசல்ல எவ நிக்கிறாளோ" என்றாள்.

அதை நான் நினைக்கவே இல்லை. பெருநாளுக்கு ஒரு பெரிய சட்டை தைத்தேன், அவன் தோளுக்கும் கழுத்துக்கும் அளவாக. கழுத்தின் உள்ளே பெயர் தைக்கவில்லை. சிப்பாய் அன்று பெருநாள் பலகாரத்தைப் பிளப்பதில் மும்முரமாக இருந்தான். ஒன்பதாம் தேதி வியாழன் சட்டை திரும்பி வந்தது. கழுத்தின் உள்ளே, போர்வையிலிருந்து உருவிய சாம்பல் நூலால், மீன்முள் போன்ற ஏதோவொன்றால் குத்தித் தைத்திருக்கிறான். லஸ்ஹர். தாலா.

மப்ரூக்காவின் உறவினர் ஒருவர் தாலாவுக்குப் போய் விசாரித்தார். லஸ்ஹரின் தாய் இருக்கிறாள். மகன் எல்லை தாண்டி ஓடிவிட்டான் என்று இரண்டு வருடத்துக்கு முன் காவல் நிலையத்தில் சொன்னார்களாம். அவளிடம் கூடை கொண்டுபோக வாசலே கிடையாது.

இத்துடன் என் வாக்குமூலம் இருக்கிறது. என் சொந்தப் பெயரில், ஜனவரியில் நான் எழுதிக் கொடுத்ததன் உண்மை என்ன என்று. இதைப் படித்ததும் அவர்கள் லஸ்ஹரை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நாம் வாய் திறந்தால் அவன்தான் அவர்களுக்கு இடைஞ்சல். அதனால் அவன் பெயரை முதலில் கொடு. அவன் தாயின் பெயரோடு, ஊரோடு, அந்தக் கிழ மருத்துவர் பார்த்தது இவனைத்தான் என்று அவர் கையெழுத்தோடு. உயிரோடு இருப்பவனைக் காட்டு என்று கேட்டுவிட்டு, பிறகு நூமானைக் கேள்.

இந்தத் தடவை என்னைக் கேட்காமல் நீ செய்ததாக யாரும் சொல்ல முடியாது.

நஸீஹா


ஜெனீவா, 14 மே 1995

அண்ணி,

மூன்று மாதம். மூன்று மாதம் தெரிந்துகொண்டே தையல் பிரித்துத் தைத்திருக்கிறீர்கள். இதை எழுதிவிட்டு அடித்தேன், அடித்ததைப் பார்த்தாலும் படிக்க முடியும் என்பதால் அப்படியே விடுகிறேன். டிசம்பரிலேயே எழுதியிருந்தால் என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை இங்கே தினமும் முடிக்கப் பார்க்கிறேன். அதன் இன்னொரு முனையில் பெயரைக் கொடுத்த நான் நிற்கிறேன். அதனால் முடிப்பதில்லை.

நீங்கள் சொன்ன வரிசையில்தான் செய்தோம். லஸ்ஹரின் தாய் கொடுத்தனுப்பிய படத்தைப் பார்த்து, தான் கண்டது அவனைத்தான் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். தன்னை வைத்து ஏமாற்றினார்கள் என்பதைவிட, தான் அந்தப் பையனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று நாட்டுத் தூதரகங்கள் கேட்டன. ஒரு பாராளுமன்றத்தில் ஒப்பந்தத்தை நிறுத்தச் சொல்லி ஒரு பெண் பேசினார்.

அதே பிரதிநிதி வந்தார். பதிவேட்டில் எழுத்தர் செய்த பிழை என்றார். இரண்டு கைதிகளின் எண்கள் இடம் மாறிவிட்டனவாம். லஸ்ஹர் இருக்கிறார், தாய் பார்க்கலாம். நூமான் குறித்த தகவல் குடும்பத்தாருக்கு முறைப்படி தரப்படும். வருத்தம் தெரிவித்தார். குழு அந்த வருத்தத்தைக் குறித்துக்கொண்டது. ஒப்பந்தம் சொன்ன தேதியில் கையெழுத்தாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருபத்திரண்டு பெயர்களுக்கு இன்னும் பதில் இல்லை.

இந்த முறை அவர் தாழ்வாரத்தில் என் பக்கம் வரவில்லை.

உங்களைப் போலீஸ் கூட்டிப்போனதாக ஷெத்லி மார்செயிலிருந்து தொலைபேசியில் சொன்னான். விட்டுவிட்டார்கள் என்றும் சொன்னான். எதையும் மறைக்காமல் எழுதுங்கள். முறைப்படி என்ன தந்தார்கள்?

தலந்தா


காபிஸ், 18 ஜூன் 1995

அன்புத் தலந்தா,

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்காரவிடவில்லை, அவ்வளவுதான். தையல் எந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கீழ்வீட்டுக்காரி தன் எந்திரத்தை மேலே தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனாள்.

பத்து நாளுக்கு முன் நகராட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாள் தந்தார்கள். நூமான், வயது நாற்பத்தாறு, இதயம் நின்றுபோனதால் மரணம். எல்லோருக்கும் கடைசியில் நிற்பது அதுதான். அடக்கம் நகராட்சிச் செலவில் நடந்ததாம். எங்கே என்ற இடத்தில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் எந்த மயானத்தில் என்று கேட்டதற்கு, மனு எழுதிப் போடச் சொன்னார்கள்.

தேதி, அக்டோபர் ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை.

நீ கணக்குப் பார்ப்பாய் என்பதால் நானே எழுதுகிறேன். உன் வானொலி பேசுவதற்கு இரண்டு நாள் முன்பு. அப்படியானால் நான் முதல் கடிதத்தில் உன்மேல் பழி போட்டது அநியாயம். அவர்கள் இதுவரை எழுதித் தந்த எதையும் நான் நம்பியதில்லை, இந்தத் தேதியையும் வேறு எவர் கையில் பார்த்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உனக்காக இதை நம்புகிறேன். நீயும் நம்பு. இதற்கு மேல் இதைப் பற்றி நாம் இருவரும் பேச வேண்டாம்.

தாளைக் கொடுத்த எழுத்தர் இளவயதுக்காரர், முகத்தில் மரியாதை இருந்தது. விதவை வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்களை எப்போதிலிருந்து எண்ணுவது என்று கேட்டேன். தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். நாலு மாதம் பத்து நாள். "உங்களுக்கு இத்தாவே இல்லம்மா. ரமலான் பாதியிலேயே முடிஞ்சு போச்சு" என்றார். நல்ல செய்தி சொல்வதுபோல்தான் சொன்னார், பாவம். ரமலான் பாதியில் நான் பலகாரம் வாங்குவார்களா என்று வரிசையில் நின்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

லஸ்ஹரின் தாய் மே கடைசியில் வந்தாள். தாலாவிலிருந்து இரண்டு நாள் பயணம், முட்டி வீங்கியிருந்தது, என் வீட்டில் தங்கினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் மகனைப் பார்த்து முதலில் கேட்டாளாம், "யாருடா உனக்கு இந்தச் சட்ட தச்சுக் குடுத்தது?" இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது அவனுக்கு. அவளால் மாதம் ஒரு முறைகூட வர முடியாது.

எழுத்தரின் கணக்கு எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தாள் கையில் வந்த நாளிலிருந்து எண்ணப் போகிறேன். நாலு மாதம் பத்து நாளும் வீட்டோடு இருப்பேன், வண்ணம் உடுத்த மாட்டேன். அவருக்கு நான் செய்ய முடிந்தது இது ஒன்றுதான், அதையும் அவர்களே முடித்துவைக்க விட மாட்டேன். பள்ளிவாசல் இமாமிடம் போய்ச் சொன்னேன். செய்யலாம் என்றார். அவசியத் தேவைக்குப் பகலில் வெளியே போய் வரலாம், குற்றமில்லை என்றும் சொன்னார்.

அப்படி என்ன தேவை இருக்கிறது என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன்.

உன் அண்ணி
நஸீஹா